தமிழ், பர்மியம், ஆங்கிலம்: மும்மொழி இணையதளம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மியான்மரின் யாங்கோனிலோ மோல்மேனிலோ ஒரு தமிழர் கடைக்கு, கோயிலுக்கு, தமிழ்ப் பள்ளிக்கு இணையதளம் செய்ய உட்கார்ந்தால் அது ஒரே மொழியில் முடியும் வேலையாக இருக்காது. தாத்தா தமிழில் படிப்பார், பேத்திக்குப் பர்மியம் சரளம், வெளிநாட்டிலிருந்து பார்க்கும் உறவினருக்கு ஆங்கிலம் போதும். மூன்றும் ஒரே தளத்தில் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலத்தில் அழகாக ஒரு பக்கத்தைச் செய்து முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் தமிழையும் பர்மியத்தையும் அதற்குள் ஊற்றப் பார்க்கிறார்கள். பட்டன் பிதுங்கும், தலைப்பு மூன்று வரியாக மடியும், பர்மிய எழுத்தின் அடிப்பாகம் வெட்டுப்படும். பிறகு ஒவ்வொன்றாக ஒட்டுப்போட வேண்டியதுதான். அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் எழுத்து, அடுத்து எழுத்துரு, அதன் பிறகுதான் வடிவம்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முகப்புப் பக்கத்தின் முழு உரையும் மூன்று மொழியிலும் தட்டச்சு செய்யப்பட்டு உங்களிடம் இருக்கவேண்டும். "பிறகு தருகிறோம்" என்றால் வேலையைத் தொடங்க வேண்டாம். மாதிரிக்கு வெறும் ஆங்கில நிரப்பு உரையை வைத்து வடிவமைத்தால், தமிழின் நீளமும் பர்மியத்தின் உயரமும் உங்கள் கணக்கிலேயே வராது.

பெயர்ப் பட்டியல் ஒன்று வாங்குங்கள். கோயில் பெயர், தெருப் பெயர், நிர்வாகிகள் பெயர், பொருள்களின் பெயர் ஆகியவற்றை மூன்று எழுத்திலும் எப்படி எழுதவேண்டும் என்று கேட்டு, அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு அதிகமாகச் சொதப்புவது பெயர்களில்தான்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் வேண்டும். திரை அகலம் 360 பிக்சல் இருந்தால் போதும். உங்கள் லேப்டாப்பில் நன்றாகத் தெரிவது எதற்கும் சான்று ஆகாது.

பர்மியத்தைத் தாய்மொழிபோல் படிக்கும் ஒருவரின் கண்ணும் அவசியம். எழுத்து உடைந்திருப்பதைப் பேசத் தெரிந்தவரைவிட நாள்தோறும் படிப்பவர்தான் சட்டென்று கண்டுபிடிப்பார்.

2. வந்த உரையை யுனிகோடுக்குக் கொண்டுவருதல்

யுனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் தரும் பொது முறை. அதிகக் கவனம் வேண்டிய படி இது. இங்கே விட்ட பிழை தேடலிலும் படிவத்திலும் பகிர்விலும் வந்து நிற்கும்.

தமிழ் உரை பழைய கோப்பிலிருந்து வந்தால் அது பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள். "வணக்கம்" என்ற சொல் அந்தக் கோப்பில் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்தும் இரண்டு அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. இணையப் பக்கத்தில் ஒட்டியதும் முகமூடி கழன்றுவிடும். யுனிகோடு மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு, எண்களும் ஆங்கிலச் சொற்களும் வரும் வரிகளை மட்டும் கையால் சரிபாருங்கள். பாமினிக்கு நடுவே இருந்த உண்மையான ஆங்கிலச் சொல்லையும் அந்த மாற்றி நிரல் தமிழ் என்றே நினைத்துக் குதறிவிடும்.

பர்மியத்தில் சிக்கல் இதைவிடக் கெட்டியானது. சௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவும் யுனிகோடும் ஒரே குறியெண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. இரண்டும் பர்மிய எழுத்தாகவே தெரிவதால் எது எது என்று மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது. 2019 அக்டோபர் 1 முதல் மியான்மர் அதிகாரபூர்வமாக யுனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்புகள், சுவரொட்டி உரைகள், பழைய பதிவுகளில் சௌஜி இன்னும் நிறைய இருக்கிறது.

நம் ஒற்றைக்கொம்பை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். "கெ" என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், யுனிகோடு முதலில் க-வையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. பாமினி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைக்கிறது. பர்மியத்திலும் மெய்யின் இடப்பக்கம் நிற்கும் உயிர்க்குறி ஒன்று உண்டு. சௌஜி அதை முன்னால் சேமிக்கும், யுனிகோடு பின்னால் சேமிக்கும். அதனால்தான் சௌஜி உரையை யுனிகோடு போனில் திறந்தால் குறிகள் இடம் மாறி, நடுநடுவே புள்ளி வட்டங்கள் முளைக்கின்றன.

மாற்றுவதற்கு முன் கண்டறிய வேண்டும். கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் என்ற திறமூல நிரல், ஓர் உரை சௌஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்லும். 0-ஐ ஒட்டியிருந்தால் யுனிகோடு, 1-ஐ ஒட்டியிருந்தால் சௌஜி. ஒன்றிரண்டு சொற்களை மட்டும் கொடுத்தால் அது தடுமாறும், ஏனென்றால் சில சொற்கள் இரண்டிலும் ஒரே மாதிரி அமையும். முழுப் பத்தியாகக் கொடுங்கள். ஏற்கெனவே யுனிகோடாக இருப்பதை இன்னொரு முறை மாற்றினால் உரை பாழாகும். மூலக் கோப்பின் நகலைத் தொடாமல் வைத்துக்கொண்டே மாற்றுங்கள்.

தமிழ் யுனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. "கௌரி" என்பதை "கெளரி" என்று ள-வை வைத்து அடிப்பது மிகப் பரவலான ஒன்று. கால் குறிக்குப் பதில் ர-வை அடிப்பது இன்னொன்று. படிப்பவர் கடந்துவிடுவார், தேடுபொறி கடக்காது. இவற்றைத் தேடி மாற்றிய பிறகு, உரை முழுவதையும் என்எஃப்சி (NFC) என்ற யுனிகோடு ஒழுங்கு வடிவத்துக்கு மாற்றுங்கள். "கொ"-வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். என்எஃப்சி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்.

தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல்லில் வைத்தால் யுடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கத்தை முதல் நாளே தேர்ந்தெடுங்கள். பழைய லத்தீன் குறியாக்கத்தில் சேமித்தால் தமிழும் பர்மியமும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்படிப் போன எழுத்து திரும்பி வராது.

3. முகவரியும் மொழி மாற்றும் பட்டனும்

ஒவ்வொரு மொழிக்கும் தனி இணைய முகவரி கொடுங்கள். ஒரே முகவரியில் ஸ்கிரிப்டை வைத்து மொழியை மாற்றினால் தமிழ்ப் பக்கத்தை வைபர் செயலியில் பகிர முடியாது. பெறுபவருக்கு எப்போதும் முதல் மொழியே திறக்கும். பக்கத்தின் மொழி எது என்று நிரலில் சொல்லும் லேங் (lang) பண்பில் தமிழுக்கு டி-ஏ (ta), பர்மியத்துக்கு எம்-ஒய் (my), ஆங்கிலத்துக்கு இ-என் (en) குறியைப் போடுங்கள். வரி முறிப்பு, எழுத்துருத் தேர்வு, திரைவாசிப்பான் உச்சரிப்பு மூன்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஐபி முகவரியை (இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எண்) பார்த்துத் தானாக மொழி மாற்றுவது வேண்டாம். விபிஎன் (வேறு நாட்டுக் கணினி வழியாகச் சுற்றிவரும் இணைப்பு) வழியாக வருபவர் சிங்கப்பூரில் இருப்பதாகத் தெரிவார். மலேசியாவில் வேலை பார்க்கும் மகனுக்குப் பர்மியப் பக்கம் தேவைப்படலாம். படிப்பவர் தானே தேர்ந்தெடுக்கட்டும், அந்தத் தேர்வை நினைவில் வைத்தால் போதும்.

பட்டனில் மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். கொடி வைக்காதீர்கள். தமிழுக்கு இந்தியக் கொடியை வைத்தால் ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர் முகம் சுளிப்பார், அதில் நியாயம் இருக்கிறது. மாற்றும் பட்டன் அதே பக்கத்தின் மற்ற மொழி வடிவத்துக்குப் போகவேண்டும், முகப்புக்கு அல்ல.

4. எழுத்துரு

நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் மியான்மர், நோட்டோ சான்ஸ் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். தடிமனும் கனமும் ஒத்துப்போகும், இலவசம். தலைப்புக்கு வேறு அலங்கார எழுத்துரு வேண்டும் என்று தோன்றினால் முதல் பதிப்பில் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். மூன்று எழுத்திலும் ஒத்துப்போகும் அலங்காரம் கிடைப்பது அரிது.

எழுத்துருக் கோப்புகளை உங்கள் சொந்த ஹோஸ்டிங்கிலேயே வையுங்கள். வெளித்தளத்திலிருந்து இழுத்தால் அந்தத் தளம் திறக்காத நேரத்தில் உங்கள் பக்கமும் அரைகுறையாக நிற்கும். டபிள்யூஓஎஃப்எஃப்2 (WOFF2) என்ற சுருக்கிய இணைய எழுத்துரு வடிவில் மாற்றி, யுனிகோட்-ரேஞ்ச் கட்டளை மூலம் ஒவ்வொரு கோப்புக்கும் எந்த எழுத்து வரிசை என்று சொல்லிவிடுங்கள். அப்போது ஆங்கிலப் பக்கம் மட்டும் பார்ப்பவர் பர்மிய எழுத்துருவை இறக்க வேண்டியிருக்காது.

கோப்பின் எடையைக் குறைக்க எழுத்துருவிலிருந்து தேவையில்லாத எழுத்துகளை வெட்டும்போது ஒரு பெரிய பள்ளம் உண்டு. வெட்டும் கருவிகளில் எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளும் உதிர்ந்துபோகலாம். அந்த விதிகள் இல்லாமல் தமிழில் "ஸ்ரீ", "க்ஷ" உடையும், பர்மியத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய மெய்கள் பக்கவாட்டில் சரிந்து விழும். லேஅவுட் விதிகள் அனைத்தையும் வைத்துக்கொள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகே வெட்டுங்கள்.

அளவுகளுக்கு நான் பரிந்துரைக்கும் தொடக்கம் இது: ஆங்கிலம் 16 பிக்சல், வரி உயரம் 1.5, தமிழ் 17 பிக்சல், 1.7, பர்மியம் 17 பிக்சல், 1.9. பர்மியத்தில் மேலே ஒரு குறி, கீழே அடுக்கிய மெய், அதற்கும் கீழே ஓர் உயிர்க்குறி என்று மூன்று மாடி வரும். 1.5 வைத்தால் மேல்வரியின் அடியும் கீழ்வரியின் முடியும் முட்டிக்கொள்ளும். வரி உயரத்தை பிக்சலில் கொடுக்காமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள், அப்போதுதான் எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும்.

ஆங்கிலப் பழக்கங்களில் நான்கை இங்கே விட்டுவிட வேண்டும். லெட்டர்-ஸ்பேசிங், அதாவது எழுத்துகளுக்கு இடையே கூட்டும் இடைவெளி, எப்போதும் சுழியம்தான். தமிழில் கூட்டினால் சொல் உதிர்ந்துபோகும், சொற்களுக்கு இடையே இடைவெளியே விடாத பர்மியத்தில் படிக்கவே முடியாது. சாய்வெழுத்து வேண்டாம், பிரவுசர் நேரான எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் காட்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு நமக்கு இல்லை, அதனால் தலைப்பை வேறுபடுத்த அளவையும் கனத்தையும் நம்புங்கள். கனத்துக்கு 600 அல்லது 700 கனத்தில் வரைந்த உண்மையான எழுத்துருக் கோப்பை ஏற்றுங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் போலியாகத் தடிக்கவைக்கும். பர்மிய எழுத்தின் வட்டங்களும் தமிழ் ற, ண வளைவுகளும் அடைத்துக்கொள்ளும்.

5. 360 பிக்சலில் வரைதல்

இப்போதுதான் வடிவம். சிறிய திரையில், மூன்று மொழியில் எது நீளமோ அந்த உரையை வைத்து வரையுங்கள். அதில் உட்கார்ந்துவிட்டால் மற்றவை தானாக உட்காரும்.

பட்டனுக்கும் மெனுவுக்கும் நிலையான அகலமோ உயரமோ கொடுக்காதீர்கள். உள்ளிடைவெளி மட்டும் கொடுத்து, உரைக்கேற்ப விரியவிடுங்கள். உயரம் குறைந்தது 44 பிக்சல் வரட்டும், விரலுக்கு அது வேண்டும். உயரத்தை நிலையாக வைத்து மீதியை மறைத்தால் முதலில் பலியாவது பர்மியத்தின் அடியடுக்கு. அடுத்தது "ழு", "கூ" போன்றவற்றின் கீழ்ச்சுழி.

தமிழில் ஒட்டிப் போகும் நீண்ட சொற்கள் திரையைத் தாண்டும். "பதிவுசெய்துகொள்ளவேண்டியவர்கள்" என்பதைத் தலைப்பில் வைத்தால் 360 பிக்சலில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், பக்கமே பக்கவாட்டில் நகரத் தொடங்கும். ஓவர்ஃப்ளோ-ராப் கட்டளை சொல்லை முறிக்கும், ஆனால் எங்கே முறிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தலைப்பில் வரும் இப்படிப்பட்ட சொல்லைப் பிரித்து எழுதுவது நல்லது: "பதிவு செய்ய வேண்டியவர்கள்".

பர்மியத்தில் சொல் எங்கே முடிகிறது என்பதை பிரவுசர் தன் அகராதியை வைத்து ஊகிக்கிறது. உடல் உரையில் அது போதும். தலைப்பிலும் பட்டனிலும் ஒரு பெயர் பாதியில் முறிந்தால், சுழிய அகல இடைவெளிக் குறியை (கண்ணுக்குத் தெரியாமல், இங்கே வரி முறியலாம் என்று மட்டும் சொல்லும் குறி) சரியான இடத்தில் செருகுங்கள். எங்கே செருகுவது என்று பர்மியம் படிப்பவரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது. கோயில் தளங்களில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தை விரும்பிக் கேட்பார்கள். கருஞ்சிவப்பு தேறும். செம்மஞ்சள் தேறாது, வெயிலில் நின்று போனைப் பார்க்கும் முதியவருக்கு ஒன்றும் தெரியாது.

திருவிழா அழைப்பிதழைப் படமாக மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. படத்தை வையுங்கள், ஆனால் தேதி, நேரம், இடம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் கீழே உரையாகவும் இருக்கட்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடவும் முடியாது, பெரிதாக்கிப் படிக்கவும் வசதியில்லை.

6. எண், விலை, நேரம்

விலைகளை நிரல் வழியாக வடிவமைத்தால் தமிழ்ப் பக்கத்தில் 1,50,000 என்றும் ஆங்கிலப் பக்கத்தில் 150,000 என்றும் காற்புள்ளி மாறி விழும். பர்மியப் பக்கத்தில் எண்களே பர்மிய இலக்கமாகிவிடும். பிழை எங்கும் இல்லை, அந்தந்த மொழியின் இயல்பான அமைப்பு அது. ஆனால் ஒரே கடையின் மூன்று பக்கத்தில் விலை மூன்று தோற்றத்தில் இருந்தால் வாங்குபவர் குழம்புவார். 150,000 என்ற ஒரே வடிவத்தை மூன்றிலும் வையுங்கள்.

இங்குள்ள நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி நேரம் முன்னால். ஹோஸ்டிங் சிங்கப்பூரில் இருந்து, அதன் நேரத்திலேயே தளம் இயங்கினால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும்: மாலை 6 மணி பூஜை 7.30 என்று தெரியும். அரை மணி வேறுபாடு என்பதால் முழு மணியைக் கூட்டிக் கழித்தும் சரிக்கட்ட முடியாது. நேர மண்டலத்தை ஏசியா/யாங்கோன் என்று வெளிப்படையாக அமையுங்கள்.

7. படிவம்

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைக்காதீர்கள். பர்மியப் பெயரில் குடும்பப்பெயர் கிடையாது, தமிழ்ப் பெயரில் இருப்பது தலைப்பெழுத்து (இனிஷியல்). "முழுப்பெயர்" என்று ஒரே பெட்டி. நம்மவர் பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்றும் பர்மியப் பெயர் ஒன்றும் இருப்பதால், "வேறு பெயர் இருந்தால்" என்று கட்டாயமில்லாத இன்னொரு பெட்டி.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது, "மீனாட்சிசுந்தரம்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒன்பது எழுத்து. கணினிக்கு 16 குறிகள். பைட் கணக்கில் 48. வரம்பு 15 என்று வைத்தால் கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து "மீனாட்சிசுந்தரம" என்று பதிவாகும். எந்த எச்சரிக்கையும் வராது, ரசீது அச்சாகும்போதுதான் தெரியும். பெயருக்கு 100 குறிகள் விடுங்கள். பதிவை உறுதிசெய்யும் குறுஞ்செய்தியிலும் இதே கணக்குத்தான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழிலும் பர்மியத்திலும் 70 குறிகள். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம்.

கைபேசி எண் 09-இல் தொடங்கும், அதற்குப் பிறகு ஏழிலிருந்து ஒன்பது இலக்கம் வரும். "சரியாகப் பத்து இலக்கம்" என்ற இந்தியச் சோதனையை நகலெடுத்துப் போட்டால் சரியான எண்களே தள்ளுபடியாகும். 95 என்ற நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் எண்ணையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைவெளி, கோடு இருந்தால் நீங்களே நீக்குங்கள். பர்மிய இலக்கத்தில் அடித்தால் நிரலே மாற்றிக்கொள்ளட்டும். அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள். இங்கே முகவரி என்றால் வீட்டு எண், தெரு, டவுன்ஷிப்.

பெட்டிக்கு மேலேயே அதன் பெயர் நிற்கட்டும். உள்ளே மங்கலாகக் காட்டும் குறிப்பு தமிழில் பாதி வெட்டுப்படும், அடிக்கத் தொடங்கியதும் மறைந்தும்போகும். பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகத் திரையைப் பெரிதாக்கிவிடும்.

மின்வெட்டும் இணைப்பு அறுவதும் அன்றாடம் என்பதால், அடித்ததை போனிலேயே தற்காலிகமாகச் சேமித்து வையுங்கள். அனுப்பு பட்டனை ஒருமுறை தொட்டதும் முடக்கி, பதிவு எண்ணைக் காட்டுங்கள். எண் வராவிட்டால் மனிதர்கள் திரும்பத் திரும்பத் தொடுவார்கள், ஒரே நன்கொடை மூன்று முறை பதிவாகும்.

8. தேடல்

"ஸ்ரீ" என்பதை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். உள்ளே குறிகள் வேறு, அதனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது, என்எஃப்சியும் இதைச் சரிசெய்யாது. கோயில் பெயர்கள் பாதி இந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. தேடல் சொல்லையும் தரவையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

9. எடையைக் குறைத்தல்

நொடிக்கு 512 கிலோபிட் வரும் இணைப்பில் 3 எம்பி பக்கம் திறக்க ஏறத்தாழ 47 நொடி. 500 கேபி பக்கம் 8 நொடிக்குள். முகப்புப் பக்கம் எழுத்துரு, படம் எல்லாம் சேர்த்து 500 கேபிக்குள் இருக்கட்டும்.

போனில் எடுத்த படம் 4000-க்கு 3000 பிக்சல் இருக்கும். 360 பிக்சல் திரைக்கு, கூர்மைக்காக இருமடங்கு வைத்தாலும், 720-க்கு 540 போதும். பிக்சல் எண்ணிக்கையில் அது முப்பதில் ஒரு பங்கு. வெப்பி (WebP) என்ற பட வடிவில் 75 தரத்தில் சேமியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் கீழே குதிக்கும், தொடப்போன பட்டன் நழுவிவிடும்.

ஃபேஸ்புக் பக்கத்தைத் தளத்துக்குள் பதிப்பதையும், ஃபேஸ்புக் வழி உள்நுழைவதையும் தவிருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து அது இங்கே தடையில் இருக்கிறது. பதித்த இடம் வெற்றுப் பெட்டியாக நிற்கும், உள்நுழைவு நடக்காது. தொடர்புக்குத் தொலைபேசி எண்ணும் வைபரும் முன்னால் இருக்கட்டும்.

10. வெளியிடுவதற்கு முன்

அந்த விலை குறைந்த போனில், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில், மூன்று மொழியிலும் தளத்தைத் திறந்து பாருங்கள். அமைப்பில் எழுத்தளவை ஒரு படி பெரிதாக்கி மறுபடியும் பாருங்கள். வயதானவர்கள் போனில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். படிவத்தை நிரப்பும் நடுவில் டேட்டாவை அணைத்து, மீண்டும் போட்டு, அடித்தது அப்படியே இருக்கிறதா என்று சோதியுங்கள்.

வைபரில் ஒவ்வொரு மொழி முகவரியையும் யாருக்காவது அனுப்பி, முன்னோட்டத்தில் தலைப்பும் படமும் அந்த மொழியில் வருகிறதா என்று பாருங்கள். பகிர்வுப் படம் 1200-க்கு 630 பிக்சல். தலைப்பை மொழிபெயர்க்க மறந்துவிட்டால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலத் தலைப்போடு போகும்.

கடைசியாக, பர்மியம் படிப்பவரையும் தமிழ் படிக்கும் பெரியவர் ஒருவரையும் உட்காரவைத்து, அவரவர் மொழிப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து உடைந்த இடம், பெயர் தவறிய இடம், சொல் முறிந்த இடம் எல்லாம் அந்தத் தயக்கத்தில் வெளியே வரும். குறித்த வரிகளைத் திருத்திவிட்டு, அதே இருவரையும் அதே போனில் மறுபடியும் படிக்கவையுங்கள்.